இடது முன் சக்கரம்

சந்து முனையில் வண்டி திரும்பும்போதே வாடை வந்துவிட்டது. லைனிங் கருகுகிற வாடை. நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது அடிப்பிடித்த பால் மாதிரி, எங்கே நின்றாலும் மூக்கைத் தேடி வந்துவிடும். வாடைக்குப் பின்னாலேயே கிரீம் நிற ஃபியட் ஒன்று, யாரோ கயிறு கட்டிப் பின்னுக்கு இழுப்பதுபோல முக்கிக்கொண்டு வந்து ஷெட் வாசலில் நின்றது. இடது முன் சக்கரத்தைத் தொடப்போன பையனின் கையைத் தட்டிவிட்டு, சொம்பிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரை விரலால் தெளித்தேன். தோசைக்கல்லில் விழுந்த மாதிரி சொய்ங்கென்றது. வலது பக்கம் போய்த் தெளித்தேன். தண்ணீர் வழிந்து இறங்கியது, அவ்வளவுதான்.

"எட்டு மாசமா இப்படித்தான் மேஸ்திரி," என்றார் வண்டிக்காரர். மயிலாப்பூர்க்காரர், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "மூணு இடத்துல காட்டியாச்சு. லைனிங் மாத்தினாங்க, வீல் சிலிண்டர் மாத்தினாங்க, கடைசியா மாஸ்டர் சிலிண்டரையும் மாத்திட்டாங்க. மாத்தாதது நான் ஒருத்தன்தான்."

அவர் அப்பா வாங்கிய வண்டி. 1965 மாடல் ஃபியட் 1100 டிலைட். லால் பகதூர் சாஸ்திரி பிரதமராக இருந்தபோது வாங்கியதும் இதே மாதிரி ஒரு ஃபியட்தான். விலை சுமார் 12,000 ரூபாய், கையில் போதாமல் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார், 1966 ஜனவரியில் அவர் இறந்த பிறகு அந்தக் கடனை அவர் மனைவி ஓய்வூதியத்திலிருந்து கட்டி முடித்தார். இதை வண்டிக்காரர் எனக்குச் சொன்னது அன்றைக்கு மட்டும் மூன்று தடவை. வங்கிக்காரர் இல்லையா, கடன் அடைந்த கதை என்றால் அவருக்குத் தனி சந்தோஷம்.

இந்த வண்டியைப் பத்மினி என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறவர்கள் உண்டு. உடம்பு ஒன்றுதான். இத்தாலியில் டூரின் நகரத்து ஃபியட்டில் டான்டே ஜியகோசா என்ற பொறியாளர் உருவாக்கி, 1953-ல் ஜெனீவா கண்காட்சியில் காட்டிய 1100-இன் வாரிசு இது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ்காரர்கள் உரிமம் வாங்கிச் செய்தார்கள். 1964-ல் டிலைட் என்று வந்தது. எழுபதுகளில் பிரீமியர் பிரசிடென்ட் என்று பேர் மாறி, பிறகு பத்மினி ஆனது. இத்தாலிக்காரர்கள் 1966-லேயே 1100 ஆர் என்ற மாடலில் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டுவிட்டார்கள். இங்கே என் கைக்கு வந்த ஃபியட், பத்மினி எல்லாமே நாலு பக்கமும் டிரம்தான். பிரேக் பூஸ்டர் கிடையாது. வண்டியை நிறுத்துவது ஓட்டுகிறவனின் தொடைதான். இன்றைய வண்டி ஓட்டிப் பழகின பிள்ளைகள் இதில் ஏறி, "பிரேக்கே இல்லையே அங்கிள்" என்பார்கள். பிரேக் இருக்கிறது, மிதிக்கத்தான் ஆள் இல்லை.

நான் தொழிலுக்கு வந்தது 1979-ல். புதுப்பேட்டை பக்கம் ஒரு ஷெட். அப்போதெல்லாம் அம்பாசிடர் பார்க்கிறவன் ஃபியட்டைத் தொட யோசிப்பான். முதல் காரணம் ஸ்பேனர். அம்பாசிடர் இங்கிலாந்து வழி, எல்லாம் அங்குலக் கணக்கு. ஃபியட் மில்லிமீட்டர். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை அரை அங்குல போல்ட்டில் மாட்டினால் பிடித்த மாதிரி இருக்கும். அழுத்தித் திருப்பும்போது வழுக்கி மூலையைத் தின்றுவிடும். பிரேக் பைப்பின் யூனியன் நட் அப்படி உருண்டுபோனால் அன்றைய பொழுது போச்சு. பெரிய மேஸ்திரி இரண்டு தகரப் பெட்டி வைத்திருந்தார். ஒன்றில் வெள்ளைக்காரன் ஸ்பேனர், இன்னொன்றில் இத்தாலிக்காரன் ஸ்பேனர். பெட்டி மாற்றி எடுத்துக் கொடுத்தால் ஸ்பேனர் திரும்பி நம் மேலேயே வரும்.

அந்த ஷெட்டில் சேர்ந்த மூன்றாம் மாதம் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரு டாக்டரின் ஃபியட், சர்வீஸுக்கு வந்திருந்தது. பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்திருந்தது. பேரே பிரேக் ஆயில்தானே, எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று பக்கத்திலிருந்த இஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றி மட்டம் சரிசெய்துவிட்டேன். மேஸ்திரி மெச்சுவார் என்ற நினைப்பு வேறு. கொஞ்ச நாளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாலு சக்கரமும் இறுகிக் கிடந்தது. மேஸ்திரி மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து உள்ளிருந்த ரப்பர் கப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி ஊதி, கொழகொழவென்று, நகம் பட்டால் பிய்கிற பதத்தில் இருந்தது. பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே இல்லை. அது கிளைக்கால் வகை திரவம். அதற்கென்று செய்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெயைக் குடித்தால் ஊதிவிடும்.

அவர் அடிக்கவில்லை. ஒரு பைப் விடாமல் கழற்றச் சொன்னார், ஸ்பிரிட் விட்டுக் கழுவச் சொன்னார். ரப்பர் அத்தனையும் புதுசு, ஹோஸ் மூன்றும் புதுசு. செலவு என் சம்பளத்தில் மாசாமாசம் பிடித்தார். கழுவி முடித்த அன்று சாயங்காலம் டீ வாங்கிக் கொடுத்து, "இப்ப பிரேக் லைன் எங்கெங்க போவுதுன்னு உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்றைக்கும் படம் போட்டுக் காட்டுவேன்.

மயிலாப்பூர்க்காரரின் வண்டிக்கு வருகிறேன்.

பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிற வண்டி சுலபம். லைனிங் தேய்ந்திருக்கும், எங்கேயாவது ஒழுகும், காற்று புகுந்திருக்கும். கண்ணுக்குத் தெரிகிற வியாதிகள். பிடித்த பிரேக் விடவில்லை என்று வருவதுதான் ஆளைச் சுற்றவிடும். பிடிப்பதற்கு நம் காலின் பலம் முழுக்க இருக்கிறது. விடுவதற்கு இருப்பது டிரம்முக்குள் இருக்கும் ஸ்பிரிங்கின் பலம் மட்டும்.

அதைவிடப் பெரிய சங்கடம், இந்த வியாதி காலையில் தெரியாது. வண்டிக்காரர் சாயங்காலம் விட்டுவிட்டுப் போவார். மெக்கானிக் மறுநாள் காலை ஜாக்கி போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பான். ராட்டினம் மாதிரி சுற்றும். ராத்திரி முழுக்க ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து திரும்பியிருக்கும். சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகத்துக்கு எதையாவது மாற்றி அனுப்புவான். மூன்று இடத்திலும் இதுதான் நடந்திருக்க வேண்டும்.

அதனால் சூடு ஆறுவதற்குள் ஜாக்கி போட்டேன். இடது முன் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். அசையவில்லை. பின்தட்டில் இருக்கும் ஏர் நிப்பிளில் சின்ன டியூபை மாட்டி, ஸ்பேனரால் கால் சுற்றுத் திறந்தேன். கருத்த ஆயில் சர்ரென்று பீய்ச்சி அடித்து நின்றது. அடுத்த நொடி சக்கரம் லேசாகிவிட்டது. ஆக ஷூவிலோ ஸ்பிரிங்கிலோ கோளாறு இல்லை. ஆயில் உள்ளே போய்த் திரும்ப வழியில்லாமல் அழுத்தத்தோடு மாட்டிக்கொண்டிருக்கிறது. எங்கே?

நிப்பிளை மூடிவிட்டுப் பையனைப் பெடலை நாலு தடவை மிதிக்கச் சொன்னேன். சக்கரம் மறுபடி இறுகியது. இந்த முறை நிப்பிளைத் தொடவில்லை. பாடியிலிருந்து வரும் இரும்புப் பைப் ரப்பர் ஹோஸோடு சேருகிற இடத்தில் யூனியன் நட்டை மெதுவாக இளக்கினேன். ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பீய்ச்சவில்லை. சக்கரம் இறுகினபடியே நின்றது. அழுத்தம் ஹோஸுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று தெரிந்துபோயிற்று.

ஹோஸைக் கழற்றிக் கையில் எடுத்தால் வெளியே ஒரு குறை சொல்ல முடியாது. வெடிப்பு இல்லை, ஊதல் இல்லை. யாரோ கறுப்புப் பெயிண்ட் வேறு அடித்திருந்தார்கள். பையனைத் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவிவரச் சொன்னேன். ஹோஸுக்குள் விட்டேன். பாதியில் நின்றுவிட்டது. குறுக்கே வெட்டிக் காட்டினேன். உள்சுவர் ரப்பர் ஊதி, துவாரம் ஊசிக் கண் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. காலால் மிதிக்கிற அழுத்தம் அந்த ஊசிக் கண் வழியாக ஆயிலைத் தள்ளிவிடும். ஸ்பிரிங்குக்கு அதைத் திருப்பித் தள்ளுகிற தெம்பு கிடையாது.

வண்டிக்காரர் வெட்டின துண்டை வாங்கி வானத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். "இது என்ன விலை?" என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

டிரம்மையும் கழற்றினேன். பழைய மெக்கானிக் புதுசாகப் போட்ட லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கருகி மெருகேறின லைனிங் பிடிக்காது, வழுக்கும். டிரம்மின் உள்முகத்தில் நீலம் பாய்ந்திருந்தது. லேத்தில் கொடுத்து ஒரு வழி வழித்தால் போதும் என்று பட்டது. ஒரு பக்கம் வழித்தால் எதிர்ப்பக்கமும் அதே அளவு வழிக்க வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் காலத்தில் டிரம்மைத் திறந்ததும் முதல் வேலை, உள்ளே இருக்கும் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதுவது. பஞ்சு மாதிரி எழும்பும். தலைமுடி, புருவம் எல்லாம் சாம்பல் நிறம். அந்த லைனிங் ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்காது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெரிய மேஸ்திரி கடைசி காலத்தில் இருமிக்கொண்டே இருந்தார். பீடியும் பிடிப்பார், எது காரணம் என்று நான் என்ன கண்டேன். இப்போது என் ஷெட்டில் டிரம்மை ஊத விடுவதில்லை. ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுகிறோம். பையன்களுக்கு இது பிடிக்காது, ஊதினால் ஒரு நிமிஷ வேலை என்பான்கள்.

புது லைனிங்கை ஷூவில் ரிவிட் அடித்து வாங்கிவந்தோம். லைனிங்கின் முகம் முழுக்க சாக்பீஸ் தேய்த்து, டிரம்மை மாட்டிச் சுற்றிக் கழற்றினால் எங்கே உரசுகிறதோ அங்கே மட்டும் வெள்ளை அழிந்திருக்கும். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் லைனிங்கின் வளைவு டிரம்மின் வளைவைவிடச் சின்னது. இரண்டு முனையிலும் அழிந்திருந்தால் பெரியது. அரம் போட்டு, சாக்பீஸ் தேய்த்து, மாட்டி, கழற்றி, மறுபடி அரம். மூன்று நாலு தடவை ஆகும். முனைகளைச் சாய்வாகச் சீவிவிட்டால் கீச்சிடுவது குறையும். இதற்கெல்லாம் பில்லில் எழுத ஒரு பேர் கிடையாது. அதனால்தான் நிறையப் பேர் செய்வதில்லை.

ஹோஸ் மூன்றையும் ஜி.பி. ரோட்டில் வாங்கினோம். பத்மினி சாமான் இன்னும் கிடைக்கிறது. ஆனால் பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்ஸிக்கும் 2023 அக்டோபரோடு இருபது வருஷக் கெடு முடிந்துவிட்டது. அந்த டாக்ஸிகளை நம்பித்தான் இந்தச் சாமான்களில் பாதி வார்க்கப்பட்டது. இனிமேல் கடைக்காரர் ராக்கின் மேல்தட்டில் கைவிட்டுத் துழாவும்போது எனக்குக் கொஞ்சம் படபடப்பாகத்தான் இருக்கும்.

ஏர் எடுப்பது இரண்டு பேர் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்கு ரொம்பத் தூரத்தில் இருக்கிற சக்கரத்தில் தொடங்க வேண்டும். நம் ஊர் வண்டிக்கு அது இடது பின். பையன் மேலே, நான் கீழே. "மிதி." "மிதிச்சேண்ணே." "பிடி." நிப்பிளைத் திறப்பேன், டியூபில் குமிழியோடு ஆயில் வரும், மூடுவேன். "விடு." நான் மூடுவதற்கு முன் அவன் காலை எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். செல்போன் அடித்தால் காலை எடுக்கிற பையன் இந்த வேலைக்கு ஆகமாட்டான். பழைய ஆயிலை முழுசாக வெளியே தள்ளினோம். காப்பி டிகாக்ஷன் நிறம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது கணக்கு. ஈரம் ஏறினதற்கு 140 போதும் என்று அதே கணக்கு இறங்கி வருகிறது. நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் ஆயிலை ஐந்தாறு வருஷம் மாற்றாமல் ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதுவும் இந்த வண்டியில் ஒரே லைன். ஒரு இடத்தில் போனால் நாலும் போச்சு.

எல்லாம் முடித்து, மெரினா பக்கம் விடிகாலை ஓட்டிப் பார்த்தேன். இடது பக்க இழுப்பு போய்விட்டது. ஐந்து கிலோமீட்டர் போனதும் வண்டி கனத்தது. இறங்கிச் சொம்புத் தண்ணீரைத் தெளித்தேன். நாலு சக்கரமும் சொய்ங்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் பெடலைப் பார்த்தேன். முன்தினம் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்திருந்தும் என் கண்ணில் படாத விஷயம். வெட்கமாக இருந்தது.

பிரேக் பெடலை விரலால் தொட்டால் முதலில் கொஞ்சம் சும்மா ஆட வேண்டும். அந்தச் சும்மா ஆட்டம் இதில் இல்லை. மாஸ்டர் சிலிண்டருக்குள் குண்டூசி போகிற அளவுக்கு ஒரு துவாரம் இருக்கிறது. காலை எடுத்ததும் பிஸ்டன் அந்தத் துவாரத்தைத் தாண்டிப் பின்னால் வந்து நிற்கும். மிச்ச ஆயில் அது வழியாக டப்பாவுக்குத் திரும்பும். சூட்டில் ஆயில் விரிந்தாலும் அதுதான் வழி. பெடலின் தள்ளுகம்பியைக் கொஞ்சம் நீளமாக வைத்துவிட்டால் பிஸ்டன் முழுசாகப் பின்வாங்காது, துவாரம் மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடாகும், விரியும், போக வழியில்லாமல் ஷூவைத் தள்ளும். ஷூ உரசி இன்னும் சூடாகும். காலே வைக்காமல் வண்டி தனக்குத்தானே பிரேக் போட்டுக்கொள்ளும்.

கதை இப்போது எனக்குக் கோவையாகத் தெரிந்தது. ஹோஸ் அடைத்ததால் இடது சக்கரம் இறுகியது. முதல் ஆள் ஷூ அட்ஜஸ்ட்டைத் தளர்த்திவிட்டான். தளர்த்தினதால் பெடல் ஆழமாகப் போனது. பெடல் இறங்குகிறது என்று சார் புகார் சொல்லியிருப்பார். மாஸ்டர் சிலிண்டரை மாற்றின ஆள் தள்ளுகம்பியை நீட்டிப் பெடலை மேலே தூக்கிக் கொடுத்துவிட்டான். சாருக்கும் திருப்தி. ஒரு கோளாறுக்குப் பார்த்த வைத்தியம் அடுத்த கோளாறைப் பெற்றுவிட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தொட்டுப் பார்க்க வேண்டிய பெடலை நானும்தான் தொட்டுப் பார்க்கவில்லை.

சாலையோரம் வண்டியை நிறுத்தி, குனிந்து பூட்டு நட்டை இளக்கி, கம்பியை ஒன்றரைச் சுற்று உள்ளே திருப்பினேன். பெடல் விரலுக்குக் கீழே லேசாக ஆடியது. சக்கரங்கள் விட்டுக்கொடுத்தன, தள்ளிப் பார்த்தால் வண்டி நகர்ந்தது. ஷெட்டுக்குத் திரும்பி, ஷூக்களை மறுபடி ஒவ்வொன்றாக அட்ஜஸ்ட் செய்தேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே திருப்பினால் ஒரு கட்டத்தில் சர்ரென்று உரசும். அங்கிருந்து அந்தச் சத்தம் அற்றுப்போகிற வரைக்கும் பின்னால் வர வேண்டும், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட வேண்டாம். அன்று சாயங்காலம் அடையாறு வரை போய்வந்தோம். நாலு சக்கரத்திலும் தண்ணீர் ஒரே மாதிரி வழிந்தது.

சார் தானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றார். நானும் கூடப் போனேன். வண்டி லேசாக ஓடுவதை அவரால் நம்ப முடியவில்லை. "இஞ்சினும் ஏதாவது செஞ்சீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் வீட்டு வாசலில் கேட்டுக்கு உள்ளே ஒரு சரிவு. அதில் ஏற்றி நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பில்லுக்குப் பணம் எடுத்துவருகிறேன் என்று இறங்கினார். இரண்டு எட்டு வைத்திருப்பார். வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் நகர ஆரம்பித்தது. எட்டு மாசமாக அந்தச் சரிவில் அவர் இறங்கும்போதெல்லாம் வண்டியைப் பிடித்து நிறுத்தினது இடது முன் சக்கரம்தான். ஹேண்ட் பிரேக் போடுகிற வழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. "ஏய், ஏய்" என்று ஆளைக் கூப்பிடுகிற மாதிரி வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.